‘பிரிட்டிஷ் பாடத்திட்டம்’ போர்டு போட்ட ஆரம்பப் பாடசாலைக்குக் காசு கட்டுமுன்

இலங்கை மலையகத்துச் சிறுநகரம் ஒன்றில், வாடகை வீட்டில் நடக்கும் ஒரு சர்வதேச ஆரம்பப் பாடசாலை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோரிடம், பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பரீட்சை நிறுவனம் நடத்தும் ‘கேம்பிரிட்ஜ் செக்பொயின்ட்’ பரீட்சைக்கென்று தவணைக் கட்டணத்துக்கு மேலாகத் தனியாகக் காசு வாங்கினார்கள். பிள்ளைகள் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றும் எழுதினார்கள். பெறுபேறாக வந்தது பாடசாலையின் சொந்த முத்திரை குத்தி லெமினேட் செய்த ஒரு தாள். அதை எடுத்துக்கொண்டு கண்டியில் ஏழாம் ஆண்டுக்கு இடம் கேட்டுப் போனபோது, கேம்பிரிட்ஜ் அனுப்பிய மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. அந்தப் பாடசாலை கேம்பிரிட்ஜின் பதிவுபெற்ற மையமாக ஒருநாளும் இருந்ததில்லை. பிள்ளைகள் எழுதியது பழைய வினாத்தாள்களின் போட்டோ கொப்பி. திருத்தியது வகுப்பு டீச்சர். கண்டிப் பாடசாலையில் நுழைவுத் தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு வகுப்பு கீழே போடலாம் என்றார்கள். சரி, அரசாங்கப் பாடசாலையிலாவது தமிழ்மூலத்தில் தரம் 6இல் சேர்ப்போம் என்றால், பிள்ளைக்குத் தமிழில் ஒரு பந்தி வாசிக்க வராது.

பாடசாலையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. இதே முறையில் நடத்தக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமல்ல என்பதால், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் சட்ட நிலை. 1960, 1961 சட்டங்களோடு 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழி அடைபட்டது. பிறகு வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனியாகப் பதிந்துகொண்டு நடக்கின்றன. ஆகவே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் முறையிட்டால், அவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. காசு கட்டிய பிறகுதான் பல பெற்றோருக்கு இது தெரியவருகிறது. பதிவுச் சான்றிதழ் கேட்டால் சிலர் வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவைக் காட்டுவார்கள். அது கடை திறக்கிறவரும் எடுக்கிற பத்திரம். கம்பனி என்றால் பதிவிலக்கம் இருக்கும், தனியார் கம்பனியின் இலக்கம் ‘பிவி’ என்று தொடங்கும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் கம்பனிப் பதிவு சரியாக இருந்தால் படிப்பும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பணத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பதை மட்டுமே அது காட்டும்.

அடுத்தது ‘பிரிட்டிஷ் பாடத்திட்டம்’ என்ற சொல். இதற்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஏமாற்று நடப்பதே இந்தக் கலப்பில்தான்.

ஒன்று, இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம். 2014 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள அந்த ஆவணம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யாரும் எடுத்துப் படிப்பிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ‘நாங்கள் பிரிட்டிஷ் பாடத்திட்டம்’ என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய் என்று நிரூபிப்பது கஷ்டம்.

இரண்டு, கேம்பிரிட்ஜ் பிரைமரி, பியர்சன் எடெக்ஸலின் ஐபிரைமரி போன்ற, பரீட்சை நிறுவனங்களின் ஆரம்பக் கல்வித் திட்டங்கள். இவற்றைப் பெயர் சொல்லி நடத்த அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாடசாலைக்கு மைய இலக்கம் உண்டு. கேம்பிரிட்ஜ் தளத்தில் நாடு, ஊர் போட்டுத் தேடினால் பாடசாலையின் பெயர் வரவேண்டும். ‘இன்னும் அப்டேட் ஆகவில்லை’, ‘கொழும்புக் கிளையின் கீழ் வருகிறோம்’ என்ற பதில்களை ஏற்காதீர்கள். மைய இலக்கத்தைக் கேட்டு, அது உங்கள் பிள்ளை போகும் அதே கட்டிடத்துக்குரியதா என்று கேம்பிரிட்ஜுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

மூன்று, வெளிநாட்டிலுள்ள பிரிட்டிஷ் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் பி.எஸ்.ஓ. திட்டம். இங்கிலாந்துக் கல்வித் திணைக்களம் அங்கீகரித்த பரிசோதனை நிறுவனங்கள் நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதும். தேறிய பாடசாலைகளின் பட்டியல் பிரிட்டிஷ் அரசின் தளத்தில் இருக்கிறது. மலையகத்துச் சிறிய பாடசாலையிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அதை வைத்திருப்பதாக அவர்களே சொன்னால் அறிக்கையைக் கேட்க வேண்டும். அதேபோல் பிரிட்டிஷ் கவுன்சில் பரீட்சை நடத்தும் அமைப்பு. அதன் சின்னம் சுவரில் இருந்தால் எதற்காக என்று கேளுங்கள்.

பரீட்சையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பிரைமரியில் ‘புரோகிரஷன் டெஸ்ட்’ என்று ஒன்று உண்டு, அதைத் திருத்துவது அந்தந்தப் பாடசாலையின் டீச்சர்மார்தான். அது முறையானதே. செக்பொயின்ட் வேறு. விடைத்தாளைக் கேம்பிரிட்ஜ் திருத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெறுபேற்றுப் பத்திரம் அனுப்பும். முதலாவதை நடத்திவிட்டு இரண்டாவதன் பெயரில் காசு வாங்க இடமுண்டு. பரீட்சைக் கட்டணம் கேட்டவுடனேயே, விடைத்தாளைத் திருத்துவது யார் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

விவரக் கையேட்டைக் கையில் வாங்கினால் ‘கீ ஸ்டேஜ்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இங்கிலாந்தில் கீ ஸ்டேஜ் 1 என்பது முதலாம், இரண்டாம் ஆண்டு. கீ ஸ்டேஜ் 2 என்பது மூன்று முதல் ஆறு வரை. கீ ஸ்டேஜ் 3 ஏழாம் ஆண்டில்தான் தொடங்கும். நம் நாட்டு ஆரம்பக் கல்வியிலோ தரம் 1-2, 3-4, 5 என்று மூன்று முதன்மை நிலைகள். ஐந்தாம் வகுப்புக்கு ‘கீ ஸ்டேஜ் 3’ என்று அச்சிட்டிருந்தால், அரசாங்கப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டு அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இவ்வளவும் பத்திரங்கள். படிப்பு நடக்கிறதா என்பதைப் பிள்ளையின் வாசிப்பும் கொப்பியும் சொல்லும், அதற்குப் பெற்றோருக்குப் பெரிய ஆங்கில அறிவு தேவையில்லை. இங்கிலாந்தில் முதலாம் ஆண்டு முடிவில் பிள்ளைகளுக்கு ஒலிப்புச் சோதனை உண்டு: 40 சொற்கள், அதில் 20 உண்மைச் சொற்கள், 20 அர்த்தமே இல்லாத உருவாக்கிய சொற்கள். பாடமாக்கிய பிள்ளை உண்மைச் சொற்களில் தப்பிவிடும், உருவாக்கிய சொற்களில் நின்றுவிடும். ஒலிகளைச் சேர்த்து வாசிக்கப் படித்த பிள்ளை இரண்டையும் வாசிக்கும். பழைய தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பாடசாலையில் ஏற்கெனவே படிக்கிற, உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். ‘குட் மோர்னிங் ஆன்ட்டி’யும் பாடமாக்கிய பேச்சும் கேட்டு முடிவெடுத்த பெற்றோர்தான் அதிகம் ஏமாந்தார்கள்.

கொப்பியில் பார்க்க வேண்டியது, கரும்பலகையிலிருந்து எழுதியது எவ்வளவு, பிள்ளை தானாக எழுதியது எவ்வளவு என்று. வகுப்பில் எல்லாக் கொப்பியிலும் ஒரே வசனங்கள் இருந்தால் அது பிரதி எடுத்தல். கணிதத்தில் முதலாம் ஆண்டு முடிவில் 100 வரை எண்ணவும், 20க்குள் எந்த இரண்டு எண்கள் சேர்ந்து எது வரும் என்று சொல்லவும் தெரிய வேண்டும். இரண்டாம் ஆண்டில் 2, 5, 10 வாய்ப்பாடு, நான்காம் ஆண்டு முடியும்போது 12 வரை முழுவதும். வாசிப்புப் புத்தகங்கள் நிறப் படிகளாக வரும்: பிங்க், சிவப்பு, மஞ்சள் என்று ஏறும். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாற்றி எடுத்துப்போக வேண்டும். பாடப் புத்தகம் ஒன்றைத் தவிர வாசிக்க எதுவுமே இல்லாத வகுப்பில் இந்தப் பாடத்திட்டத்தை நடத்தவே முடியாது. அந்தப் பாடப் புத்தகமும் மூலப் பிரதியா என்று பாருங்கள். சுருள் கம்பி போட்ட போட்டோ கொப்பிக்கு மூல விலை வாங்கினால் நேரடியாகவே கேட்டுவிடலாம்.

சிறிய பாடசாலையில் முதலாம், இரண்டாம் ஆண்டுகளை ஒரே அறையில் வைப்பது குற்றமில்லை. இங்கிலாந்துக் கிராமங்களிலும் அப்படி நடக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு வருடச் சுழற்சித் திட்டம் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை ஒரே பாடத்தை இரண்டு முறை படித்துவிட்டு இன்னொன்றைப் படிக்காமலே மேலே போகும். திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். டீச்சரின் தகுதியையும் கேளுங்கள். உயர்தரம் எழுதிவிட்டு வந்த பிள்ளையைக் குறைந்த சம்பளத்தில் வைத்து, அடுத்த தவணை இன்னொருவரை மாற்றினால் எந்தத் திட்டமும் தொடராது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடத்தில் பயின்ற ஒருவராவது மேற்பார்வைக்கு இருப்பது, வெளிநாட்டுக்காரர் என்று வருடத்தில் இரண்டு நாள் வந்து படம் எடுத்துக்கொள்பவரை விட எவ்வளவோ மேல்.

கட்டிடம் சாய்வான நிலத்தில் என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பணத்தில், எட்மிஷன் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. ‘திரும்பக் கிடைக்கும் வைப்பு’ என்பது வேறு. அதைப் பெற ஒரு தவணைக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். கட்டணம் ரூபாயிலா, பவுணிலா, டொலரிலா? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, வெளிநாட்டு நாணயத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர்களுக்கு அடி பலமாக விழுந்தது. முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் கழிவு தருவதாகச் சொன்னால் வேண்டாம், தவணை தவணையாகக் கட்டுங்கள். உரிமையாளரின் சொந்தக் கணக்குக்குப் போடாதீர்கள். கம்பனிப் பெயரிலுள்ள கணக்கு, இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, இரண்டும் வேண்டும்.

திரும்பி வரும் வழியையும் முதலிலேயே யோசிக்க வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும்தான் நடக்கிறது, அரசாங்கப் பாடசாலையிலும் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பாடசாலையிலும் படிக்கும் பிள்ளைகளுக்கானது. இடைத்தரங்களில் சேர்வது வெற்றிடத்தைப் பொறுத்தது. அரசாங்கப் பாடசாலையில் தரம் 1க்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், விண்ணப்பம் அதற்கு முந்திய வருடமே போய்விடும். அந்த வாய்ப்பைக் கைவிடுமுன் மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிடுங்கள். எந்தப் பாடசாலைக்குப் போனாலும் பிள்ளைக்கு வாரத்தில் நாலைந்து நாள் அரை மணி நேரம் வீட்டில் தமிழ் வாசிக்கவும் எழுதவும் பழக்கிவிடுங்கள். அரசாங்கப் பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம்.

பிள்ளை ஏற்கெனவே உள்ளே என்றால், சண்டைக்குப் போகுமுன் பத்திரங்களைச் சேருங்கள்: கையேடு, கட்டண அட்டவணை, பற்றுச்சீட்டுகள், வட்ஸ்அப் செய்திகளின் ஸ்கிரீன்ஷொட், பிள்ளையின் கொப்பிகள், தவணை அறிக்கைகள். விலகல் அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர்ச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்னது வைப்புப் பணம் கேட்கும் நாளில் செல்லாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், தொலைபேசி 1977. தாமதிக்காமல் கொடுங்கள். இல்லாத பரீட்சைக்குக் காசு வாங்கியிருந்தால் அது பொலிஸுக்கும் போகக்கூடிய விஷயம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒவ்வொருவரும் தனித்தனி முறைப்பாடாக, ஒரே நாளில் கொடுங்கள். விடுகைப் பத்திரத்தை மட்டும் பணத் தகராற்றோடு சேர்க்காமல் முதலிலேயே தனிக் கடிதத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.