165/80 ஆர்14-க்குப் பதில் எது: 185/65 ஆர்15-ஆ, 175/80 ஆர்14-ஆ?

மாருதி ஸ்விஃப்டின் தொடக்க வகைகளில் வந்த 165/80 ஆர்14 டயரின் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) விட்டம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15-க்கு மாறினால் ரிம் ஒரு அங்குலம் கூடும். ஆனால் பக்கச்சுவர் குறைவதால் விட்டம் 621.5 மி.மீ. தான். வேகமும் தூரமும் காட்டும் மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய ரிம்மிலேயே 175/80 ஆர்14 மாட்டினால்தான் வம்பு. விட்டம் ஏறக்குறைய 636; 2.6 சதவீதம் அதிகம். மீட்டர் எண்ணுவது சக்கரச் சுற்றுகளைத்தான். முன்பு துல்லியமாக இருந்த மீட்டர் இப்போது 100 காட்டினால் உண்மை வேகம் 102.6. (பெரும்பாலான மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டுபவை என்பதால் உடனே கேமராவில் சிக்க மாட்டீர்கள்.) மைலேஜ் கணக்கும் தப்பும்: லிட்டருக்கு 20 கி.மீ. என்று வந்தால் உண்மையில் 20.5. அகல டயரால் மைலேஜ் நிஜமாகவே குறைந்தாலும், மீட்டர் அந்தச் சரிவைப் பெரிதாக்கியே காட்டும்.

ரிம்முக்குத் தனிச் செலவு என்றாலும் என் ஓட்டு 15 அங்குலத்துக்கே.