காசோலையிலிருந்து கைபேசிக்கு: வீட்டுக் கட்டணங்களில் இருபத்து நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் காசோலைப் புத்தகங்கள் தீர்ந்த பிறகும் அவற்றின் பதிவுப் பக்கங்களை நான் எறிவதில்லை. காசோலை எண், தேதி, யாருக்கு, எவ்வளவு, மீதி இருப்பு என்று கட்டங்கள் போட்ட அந்தத் தாள்கள், நாங்கள் சென்னை நங்கநல்லூரில் குடியேறிய 2001-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. 2004-ஆம் ஆண்டுக்கு உரியவற்றை எண்ணினால் 43 காசோலைகள். 2024-ஆம் ஆண்டுக்கு மூன்று. மின் கட்டணம், தொலைபேசி, சொத்து வரி, குடிநீர் வரி, ஆயுள் காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புத் தொகை என்று அந்த 43-இல் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே இப்போது கைபேசி வழியாகவோ வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவோ போகின்றன. இரண்டு முறைகளையும் நெடுநாள் கையாண்டு, இரண்டிலும் அடிபட்டவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். பணம் கணக்கை விட்டு வெளியேறும் நாளை நான் குறிக்கிறேனா, வாங்குபவர் குறிக்கிறாரா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்படிப் பார்த்தால் காசோலையும், நாம் முன்கூட்டித் தந்த அனுமதியின்படி கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஆட்டோ டெபிட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

காசோலைக் காலத்தின் வசதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்வாரிய அலுவலகத்தில் ரொக்கம் கட்டும் வரிசையில் ஒரு காலைப் பொழுதே போய்விடும் என்ற நிலையில், காசோலையின் பின்புறம் மின் இணைப்பு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது பெரிய விடுதலையாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கீட்டாளர் வந்து வெள்ளை அட்டையில் அளவைக் குறித்துவிட்டுப் போன நாளிலிருந்து 20 நாளுக்குள் பணம் சேர வேண்டும். அந்தக் கெடுவை மனத்தில் வைத்து, அட்டை எழுதப்பட்ட அன்று மாலையே காசோலையை எழுதி வைப்பது என் வழக்கம். தொலைபேசிக் கட்டணத்துக்கோ பெட்டி ஒன்று இருந்தது. உறையை அதில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடியவில்லை என்பது 2003-இல் தெரிந்தது. கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னதாகப் பெட்டியில் போட்ட காசோலையை அவர்கள் வார இறுதியும் விடுமுறையும் கழிந்த பின்பே வங்கிக்கு அனுப்பினார்கள். அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் சேர்ந்து வந்தது. பெட்டியில் போட்டதற்கு என்னிடம் ரசீது கிடையாது. தொகை சிறியது. ஆனால் என் கையில் இருந்த கெடு எந்தக் கணத்தில் வேறொருவர் கைக்குப் போனது என்பதை அன்றுதான் கவனித்தேன். காசோலையைக் கொடுத்த நாள் மட்டுமே என்னுடையது. அது வங்கிக்குப் போகும் நாள் வாங்கியவருடையது. 2012 ஏப்ரல் வரை காசோலை ஆறு மாதம் செல்லும் என்றும், அதன் பின் மூன்று மாதம்தான் என்றும் விதி மாறியது. அந்த மூன்று மாதத்துக்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் அந்தத் தாள் என் கணக்கின் கதவைத் தட்டலாம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அப்போதைய பொருளாளர் எல்லா வீட்டுக் காசோலைகளையும் சேர்த்துவைத்து, நேரம் கிடைக்கும்போது வங்கிக்குக் கொண்டுபோகும் நல்ல மனிதர். அவருக்குக் கொடுத்த பராமரிப்புத் தொகையை ஒவ்வொரு மாதமும் ‘போகாத பணம்’ என்று தனியாகக் குறித்து, இருப்பிலிருந்து மனக்கணக்காகக் கழித்துக்கொண்டிருந்தேன்.

இருப்பு போதாமல் காசோலை திரும்பினால் அது வெறும் அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை என்பது பலருக்கும் தெரியும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் முறைப்படி அறிவிப்பு அனுப்பி, 15 நாளுக்குள் நாம் தொகையைக் கொடுக்காவிட்டால், இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. பலருக்குத் தெரியாதது, ஆட்டோ டெபிட் திரும்பினாலும் இதே தண்டனைக்கு வழியிருக்கிறது என்பது. 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே குடும்பம் என்று நான் சொன்னதற்குச் சட்டமும் துணை நிற்கிறது.

வீட்டுக் கடன் தவணையை 2008-இல் ஈசிஎஸ் என்ற ஆட்டோ டெபிட் முறைக்கும், பின்னர் அதை அடுத்து வந்த நாச் முறைக்கும் மாற்றியபோது, பின்தேதியிட்ட காசோலைகளை ஆண்டுக்கு ஆண்டு கட்டாக எழுதிக் கொடுக்கும் வேலை ஒழிந்தது. அது உண்மையான நிம்மதி. ஒவ்வொரு மாதமும் குறித்த ஒரே தேதியில் போகும், மாறாத தொகை என்றால் ஆட்டோ டெபிட்டை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு முறை தடுக்கி விழுந்தேன். 2021 ஆகஸ்ட் முதல் நாச் முறை ஞாயிறும் விடுமுறையும் உட்பட எல்லா நாளும் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன், தவணை நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் திங்கட்கிழமைதான் பணம் எடுப்பார்கள் என்ற பழக்கத்தில், சனிக்கிழமை இருப்பைக் குறைவாக விட்டுவைப்பேன். அந்தச் சலுகை போய்விட்டது என்பதை வங்கியின் குறுஞ்செய்தி ஞாயிறு காலையில் சொன்னது.

தொகை மாதத்துக்கு மாதம் மாறும் கட்டணங்களில் ஆட்டோ டெபிட்டை நான் நம்பியது தவறு. அனுமதிப் படிவத்தில் ‘அதிகபட்சத் தொகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். தடங்கல் வரக்கூடாது என்று அதில் பெரிய எண்ணை எழுதி வைத்தால், பில்லில் தவறு இருந்தாலும் அந்த எல்லைக்குள் எவ்வளவும் போய்விடும். பணம் போன பிறகு நியாயம் கேட்பதற்கும், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு அகண்ட அலைவரிசை நிறுவனத்திடம் நான்கு மாதம் பேசித் தெரிந்துகொண்டேன். அதே இணைப்பு 2021 அக்டோபரில் வேறு விதமாகவும் சோதித்தது. கார்டு வழியான தானியங்கிக் கட்டணங்களுக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் ஒப்புதல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி அந்த மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது, பழைய அனுமதிகள் பலவும் சத்தமில்லாமல் செயலிழந்தன. மகனின் இணைய வகுப்பு நடுவில் நின்றபோதுதான் பில் கட்டப்படவில்லை என்பது தெரிந்தது. விதி நல்ல விதிதான். அந்த எல்லை 2022 ஜூனில் 15,000 ரூபாயாகவும், காப்பீட்டுத் தவணை, பரஸ்பர நிதி, கிரெடிட் கார்டு நிலுவை ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரில் ஒரு லட்சமாகவும் உயர்ந்தது. ஆனால் தானாக நடக்கும் ஒன்று தானாகவே நின்றும் போகும் என்பதை எந்தப் படிவமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே மின் கட்டணம், குடிநீர் வரி, சொத்து வரி, இணைய இணைப்பு ஆகிய நான்கையும் நானே பார்த்து, நானே அனுப்பும் முறைக்குக் கொண்டுவந்தேன். பல கட்டணங்களையும் ஒரே இடத்தில் செலுத்த உதவும் பாரத் பில்பே வழியாக இணைப்பு எண்ணைக் கொடுத்தால் தொகை தானாக வந்து நிற்கிறது. யுபிஐ ரகசிய எண்ணை இட்டால் சில நொடிகளில் ரசீது. சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதமாகிய ஏப்ரலிலும் அக்டோபரிலும் செலுத்தினால் சென்னை மாநகராட்சி 5 சதவீத ஊக்கத்தொகை தருகிறது. இப்போது ஒரு முறையும் தவறவில்லை. காசோலையிலும் ஆட்டோ டெபிட்டிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: பணம் போகும் நிமிடம் என்னுடையது, போய்ச் சேர்ந்ததும் அப்போதே தெரிகிறது.

எப்போதும் தெரிகிறது என்று சொல்ல முடியாது. 2020-இல் ஒரு மாலை, மின் கட்டணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ஆனால் செயலி ‘நிலுவையில் உள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் கெடு. பதற்றத்தில் வேறொரு செயலியில் மறுபடியும் கட்டினேன். இரண்டும் போய்ச் சேர்ந்து, கூடுதல் தொகை அடுத்த பில்லில்தான் கழிந்தது. அந்த அவசரம் தேவையற்றது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த காலவரையறையின்படி, யுபிஐ மூலம் கடைக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த ஐந்து நாளுக்கு இடம்விட்டுக் கட்டுவதே சரி. இணையவழி வந்த பிறகு கடைசி நாளின் கடைசி மணியில் கட்டும் சோம்பல் எனக்கு வந்திருந்தது. காசோலைக் காலத்தில் அப்படி இருக்க முடியாது என்பதால் இருந்ததில்லை.

கணக்கெழுதும் பழக்கம் குறைந்ததைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வங்கி அறிக்கையை மாதம் ஒரு முறை இறக்கி வைத்தால் போதும், என் கையெழுத்தில் இருந்த கூட்டல் பிழைகளாவது அதில் இல்லை.

பெரிய வருத்தம் வேறொன்று. 2009-இல் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனைக்குப் போகும் முன் ஐந்து காசோலைகளில் கையெழுத்திட்டு மனைவியிடம் கொடுத்தேன். வெற்றுத் தாளில் கையெழுத்திடுவது தவறான பழக்கம் என்பது தெரியும். ஆனாலும் அந்த மூன்று வாரமும் வீட்டில் எந்தக் கட்டணமும் நிற்கவில்லை. 2022-இல் மறுபடியும் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். இம்முறை வீட்டின் கட்டணங்கள் அனைத்தும் என் கைபேசிக்குள், என் விரல்ரேகைக்கும் என் நினைவில் மட்டும் இருந்த ரகசிய எண்களுக்கும் பின்னால் பூட்டிக் கிடந்தன. “எந்தச் செயலியில் எதைக் கட்டுகிறீர்கள் என்பதுகூட எனக்குத் தெரியாதுங்க,” என்று மனைவி சொன்னபோது பதில் சொல்ல முடியவில்லை. கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது, ஆனால் பயன்பாடு ஒருவர் கையில் இருந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக, ‘இருவரில் எவரேனும்’ இயக்கலாம் என்ற அந்தக் கூட்டுக் கணக்குக்கு அவருடைய கைபேசியிலும் தனியாக யுபிஐ அமைத்து, இணைப்பு எண்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கூட்டுக் கணக்கு இல்லாத வீடுகளுக்கு 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள் உதவக்கூடும். நம் கணக்கிலிருந்து இன்னொருவர் ஒரு முறைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை செலுத்த அதில் முன்கூட்டியே அனுமதி தரலாம்.

மோசடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மின் கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று ஒரு கைபேசி எண்ணோடு வந்த குறுஞ்செய்தி எங்கள் வீட்டுக்கும் வந்தது. கட்டிய ரசீது கையில் இருந்ததால் தப்பித்தோம். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போய்விட்டால், மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் தெரிவிப்பவருக்குப் பொறுப்பு இல்லை என்பது 2017 முதல் உள்ள விதி. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான். இணைய மோசடியைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணையும் அலமாரித் தாளில் எழுதியிருக்கிறேன்.

காசோலை இன்னும் ஒழியவில்லை. 2024-இல் எழுதிய மூன்றில் ஒன்று, அடுக்ககத்துக்கு வண்ணம் பூசுவதற்காகச் சங்கம் கேட்ட 60,000 ரூபாய். 50,000-க்கு மேல் என்பதால் 2021-இல் வந்த பாசிட்டிவ் பே முறைப்படி, காசோலையின் விவரங்களை வங்கிச் செயலியிலும் பதிந்தேன். தாளில் எழுதியதை மறுபடியும் திரையில் எழுதும்போது, இதை நேரடியாகவே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது உண்மை. இரண்டாவது, குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதிய காசோலை. புதிய நாச் அனுமதிக்கு அதைக் கேட்டார்கள். காசோலையை ஒழிப்பதற்கும் ஒரு காசோலை வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் அன்றன்றே தீர்வாகின்றன. பகலில் குறித்த நேரத்துக்குள் தரப்படுபவற்றுக்கு, பணம் கொடுக்க வேண்டிய வங்கி இரவு 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும். இன்று எழுதிக் கொடுத்துவிட்டு நாளை மறுநாள் கணக்கில் பணம் போடலாம் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது.

மூன்றாவது காசோலை உறவினர் ஒருவருக்குத் திருமண மொய்யாகக் கொடுத்தது. அது ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது, தேதி சரி, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 43 முறை இட்ட கையெழுத்தை மூன்று முறையாகக் குறைத்துவிட்டதால், 2001-இல் வங்கியில் கொடுத்த மாதிரியிலிருந்து கை விலகிப் போயிருந்தது. உறவினருக்கு அன்றே யுபிஐயில் அனுப்பிவிட்டு, மறுநாள் கிளைக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்துப் படிவத்தை வாங்கினேன். மூன்று கட்டங்களிலும் ஒரே மாதிரி விழவில்லை என்று சொல்லி, அந்த அலுவலர் இன்னொரு படிவத்தை எடுத்து நீட்டினார்.