ஆடிக்காத்துல ஃபுட்பால் மேட்ச்: எட்டு வருசமா என்கிட்ட இருக்கற கேமரா

நம்ம மாப்ள ஒருத்தன் போன வாரம் கேட்டான், நீ வச்சிருக்கற அதே பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) இப்ப செகண்ட்ஸ்ல 16 ஆயிரத்துக்கு வருது, ஞாயித்துக்கிழமை மேட்ச் எடுக்கறதுக்கு வாங்கிரட்டுமான்னு. போன மாசம்தான் என்னோடது ஷட்டர் மாத்திட்டு வந்துச்சு. குடுக்கறப்ப எல்லா செட்டிங்ஸையும் ரீசெட் பண்ணித்தான் குடுத்திருக்காங்க, அத ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லல. நான் நேரா கிரவுண்டுக்குப் போயி மொத பாதி முழுக்க எடுத்துட்டு அப்பறம் பாக்கறேன், ஃபோகஸ் ஒன் ஷாட்ல (ஒரு தடவ பூட்டுனா அங்கயே நிக்கற முறை) நிக்குது, ஓடி வர்ற பையன் மங்கலா இருக்கான், அவனுக்குப் பின்னாடி இருக்கற கோல் போஸ்ட் பளிச்சுனு இருக்கு. அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா திரும்ப செட் பண்ணினப்ப தோணுனதத்தான் இங்க எழுதறேன்.

20 மெகாபிக்சல், செகண்டுக்கு 7 ஃபிரேம், 70-300 லென்ஸ். அதெல்லாம் தெரிஞ்சதுதான். ஷட்டர் 1 லட்சம் கிளிக் வரும்னு போட்டிருந்தாங்க, எனக்கு 1,38,000 வரைக்கும் உழைச்சுது, அதுக்கு மனசார நன்றி. செம்மண் புழுதி, தூறல், பைக் டேங்க் மேல பேக்ல வச்சு ஆட்டிக்கிட்டே போனது, ஒண்ணுக்கும் சோந்து போகல.

ஆனா எங்க ஊர் வெளிச்சத்தப் பத்தி சொல்லாம இந்தக் கேமராவப் பத்திச் சொல்ல முடியாதுங்க. கோயமுத்தூர்ல ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து உள்ள பூந்து மேகத்த வாரிக்கிட்டு வரும், மழையெல்லாம் கேரளாப் பக்கமும் வால்பாறையிலயும் கொட்டும், நமக்கு நெழல் மட்டுந்தான். அந்த நெழல் மேக்கால இருந்து கிரவுண்டு மேல ஓடி வர்றதக் கண்ணாலயே பாக்கலாம், பாதிப்பேர் வெயில்ல இருப்பாங்க பாதிப்பேர் நெழல்ல இருப்பாங்க, ஒரு நிமிசத்துல திரும்ப வெயில் அடிக்கும். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) 200, எஃப் (லென்ஸ் தொறப்பு, நம்பர் கொறைஞ்சா வெளிச்சம் கூட வரும்) 5.6 வச்சா ஷட்டர் 1/1600 செகண்ட் சரியா இருக்கும். அதே ஐஎஸ்ஓவுல கெட்டியா ஒரு மேகம் மூடுச்சுன்னா 1/250க்கு வந்துரும், அதுல பந்த ஒதைக்கற காலு இழுத்த மாதிரிதான் விழும்.

அதனால அப்பர்ச்சர் மோட்ல (தொறப்ப நாம வைப்போம், ஷட்டர கேமரா முடிவு பண்ணும்) ஐஎஸ்ஓவ ஒரே நம்பர்ல வச்சு எடுக்கற பழக்கத்த மொத வருசமே விட்டுட்டேன். எம் மோட் (தொறப்பு, ஷட்டர் ரெண்டும் நாமளே வைக்கறது), 1/1000, எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ (இத மட்டும் கேமரா மாத்திக்கும்), மேக்ஸிமம் 6400. வெயில்ல அது 125க்கு எறங்கும், மேகத்துல 800, 1000னு ஏறும், ஷட்டர் மட்டும் அசையாது. ஒண்ணு கவனிக்கணும், உங்க லென்ஸ் எஃப் 2.8ன்னா வெயில்ல இதே 1/1000 ஆகாது, ஐஎஸ்ஓ 100க்குக் கீழ போக எடமில்லாம படம் வெளுத்துப் போயிரும், அதுக்கு 1/3200 வைங்க. ஃபோகஸ் சர்வோவுல (ஓடறவனத் தொடர்ந்துக்கிட்டே இருக்கும்), ஷட்டர் பட்டன்ல இல்லாம பின்னாடி பட்டன்ல. ஒயிட் பேலன்ஸ் (நெறத்தச் சரிக்கட்டற செட்டிங்) டேலைட்ல பூட்டிருங்க, ஆட்டோவுல விட்டா ஒரே கோல் அடிக்கற 6 படத்துல 3 மஞ்சளா 3 நீலமா வரும், அத அப்பறம் சரி பண்ணறதுக்கே ஒரு ராத்திரி போயிரும்.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். வெள்ள ஜெர்சி டீம் ஃபிரேம் நெறைய வந்தா, இல்லைன்னா ஹெட்டர் அடிக்க எகிறுறவனுக்குப் பின்னாடி வெளிறிப்போன வானம் வந்தா, வெளிச்சத்த அளக்கற மீட்டர் ஏமாந்து எல்லாத்தையும் சாம்பலாக்கும், மொகம் கருத்துரும். பிளஸ் ஒண்ணு காம்பன்சேசன் (மீட்டர் சொல்றத விட படத்த வெளிச்சமாக்கற திருத்தம்) குடுத்தா முடிஞ்சுது. ஆனா இந்தப் பாடியில எம் மோட்ல ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டா காம்பன்சேசன் கெடையாது! எட்டு வருசமா கெடையாது. சரி அப்பர்ச்சர் மோட்லயே ஆட்டோ ஐஎஸ்ஓ வச்சுக்கலாம், அங்க காம்பன்சேசன் இருக்கேன்னு போனா, மினிமம் ஷட்டர் 1/250க்கு மேல வைக்க விடாது. ஸ்போர்ட்ஸ் எடுக்கத்தான்னு சொல்லி வித்த கேமராங்க இது.

நான் கண்டுபுடிச்ச வழி, ஆட்டோ ஐஎஸ்ஓ இல்லாம ரெண்டு செட்டிங். எம்ல வெயிலுக்கு ஐஎஸ்ஓ 200, 1/1600. சி மோட்ல (நாம சேத்து வச்ச செட்டிங்) மேகத்துக்கு ஐஎஸ்ஓ 800, 1/1000. வெள்ள ஜெர்சியோ கருப்பு ஜெர்சியோ கவலையில்ல, வெளிச்சம் மாறினா மட்டும் டயலத் திருப்பணும். இது அருமையா வேலை செய்யுது, சுத்தமான மேனுவல்ல தோல் நெறம் வர்ற மாதிரி வேற எதுலயும் வரல. ஆனா அந்த டயலுக்கு நடுவுல ஒரு லாக் பட்டன், அத அமுக்கிக்கிட்டேதான் திருப்பணும், எம்முக்கும் சிக்கும் நடுவுல பல்ப் மோட் (பட்டன அமுக்கற வரைக்கும் ஷட்டர் தொறந்தே இருக்கும்) வேற உக்காந்திருக்கு. நெழல் வருது, பந்து கார்னர்ல இருந்து வருது, அவசரத்துல ஒரு கிளிக் கொறைச்சுத் திருப்பினா பல்ப்ல நிக்கும், படம் மொத்தமா வெள்ளையா போச்சு. இப்படிப் போன கோல்கள நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

சாயங்காலம் ஆறரைக்கு ஐஎஸ்ஓ 6400 தொட்டுரும், கிரெய்ன் (படத்துல பொடிப் புள்ளி) வரும், அது ஒரு கொறையில்ல, 1/640க்கு எறக்கி எகிறுறவன் உச்சியில நிக்கற நொடியப் புடிச்சா போதும். லைட் போட்டதுக்கப்பறம்தான் தொந்தரவு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதா ஃபிளட்லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், 1/1000ல ஒரு படம் பளிச்சுனும் அடுத்தது மங்கலாவும் விழுது. புது பாடிகள்ல அந்த மினுக்கலப் பாத்து நேரம் சரி பண்ணி ஷட்டர் விடற வசதி இருக்கு, இதுல இல்ல.

மாப்ள, படம் நல்லா வருது, பாடி கல்லு மாதிரி, 16 ஆயிரத்துக்கு இத விட நல்லது கெடைக்காது. ஆனாலும் வாங்காத. இன்னும் கொஞ்சம் காசு சேத்து, எம் மோட்ல ஆட்டோ ஐஎஸ்ஓவோட காம்பன்சேசன் குடுக்கற எதையாவது வாங்கு. நான் என்னோடத விக்கப் போறதில்ல, அது வேற கதை. ஞாயித்துக்கிழமை 4 மணிக்கு கிரவுண்டுக்கு வா, ரெண்டாவது பாதிய நீயே எடு, மேக்கால இருந்து நெழல் ஓடி வர்றப்ப அந்த லாக் பட்டன அமுக்கி டயலத் திருப்பிப் பாரு, அதுக்கப்பறமும் வேணும்னா வாங்கிக்க.