தேதிக்கு ஒரு வகை போதுமா? கோலாங், பைத்தான், ஜாவா: ஓர் அலசல்

எங்கள் அப்பாயின்ட்மென்ட் மென்பொருளுக்குள் ஒரு குட்டி மொழி இருக்கிறது. 'இரண்டு நாள் முன்னால் நினைவூட்டு', 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரையும் பதியாதே' மாதிரியான விதிகளைக் கிளினிக்காரர்களே எழுதிக்கொள்வதற்காகச் செய்தது. ரொம்ப நாள் அதில் தேதி என்று தனியாக ஒரு வகை (ஒரு மதிப்பு என்ன மாதிரியானது என்று மொழிக்குச் சொல்லும் பெயர்) கிடையாது. எல்லாம் யூடிசி (உலகம் முழுக்கப் பொதுவான நேரக் கணக்கு) எண். அது ஒருமுறை எங்களைக் கவிழ்த்தது (கீழே சொல்கிறேன்). அதற்குப் பிறகுதான் ஒழுங்கான தேதி-நேர லைப்ரரி (எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பு) எழுத உட்கார்ந்தோம். யாரைப் பார்த்து எழுதுவது? கோலாங், பைத்தான், ஜாவா என்ற மூன்று நிரல் மொழிகளையும் எடுத்து வைத்துப் பார்த்தோம். எடுத்தது ஜாவாவின் வழியை. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜாவா என்றால் பழைய ஜாவா இல்லை. 1996-இல் வந்த 'டேட்' வகையில் மாதம் பூஜ்ஜியத்தில் தொடங்கும், வருடத்தை 1900-இலிருந்து எண்ண வேண்டும். அதைப் பார்த்து எழுதிய ஜாவாஸ்கிரிப்டின் 'டேட்' இன்றைக்கும் ஜனவரியைப் பூஜ்ஜியம் என்றுதான் சொல்கிறது. நான் சொல்வது 2014-இல் ஜாவா 8-உடன் வந்த 'ஜாவா.டைம்'. ஸ்டீபன் கோல்போர்ன் முதலில் ஜோடா-டைம் என்று தனி லைப்ரரியாகச் செய்து, அதில் பட்ட பாடங்களோடு திரும்ப எழுதியது.

தேதியை எழுத்தாக்குவது, எழுத்திலிருந்து படிப்பது, லீப் வருடம், இதையெல்லாம் மூன்றுமே ஒழுங்காகச் செய்கின்றன. கோலாங்கில் மட்டும் வடிவத்தைச் சொல்ல '2006 ஜனவரி 2, பிற்பகல் 3:04:05' என்ற ஒரு மாதிரி நேரத்தை எழுதிக் காட்ட வேண்டும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. அதை வைத்து மொழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கோலாங்கின் அழகு எளிமை. 'டைம்' என்று ஒரே வகை. உலகத்தில் ஒரு கணம், கூடவே அதை எந்த ஊர்க் கணக்கில் காட்டுவது என்ற குறிப்பு, அவ்வளவுதான். சர்வர் லாக் எழுதவும் ஒரு வேலை எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று பார்க்கவும் இதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எல்லாப் பாரத்தையும் அந்த ஒரே வகைமேல் ஏற்றுகிறார்கள். 2016 கடைசியில் ஒரு லீப் விநாடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கடிகாரத்தில் கூட்டும் ஒரு விநாடி) சேர்ந்தபோது கடிகாரம் பின்னால் போனதாகத் தெரிந்து, இணைய நிறுவனமான கிளவுட்ஃபிளேர் கோலாங்கில் எழுதியிருந்த டிஎன்எஸ் சேவையில் (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றுவது) ஒரு பகுதி நின்றது. கழித்துப் பார்த்தால் மைனஸ் நேரம்! 2017-இல் கோலாங் 1.9 இதைச் சரிசெய்தது. எப்படி? பின்னால் போகாத இன்னொரு கடிகாரத்தின் அளவையும் அதே 'டைம்' உள்ளே சத்தமில்லாமல் வைத்தார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் புதிதாக வருபவருக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நேரங்கள் ஏன் சமமில்லை என்று விளக்குவதற்குள் ஒரு டீ ஆறிவிடும்.

தேதி மட்டும் வேண்டும் என்றால் கோலாங்கில் அதற்கு வகை இல்லை. பிறந்தநாளை 'யூடிசி நள்ளிரவு' என்று வைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்து சோதித்தால் அது அதே நாள் காலை ஐந்தரை, ஒரு தப்பும் தெரியாது. நியூ ஜெர்சியில் திறந்தால் முந்தின நாள்.

பைத்தானில் நான் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் வேலை பார்த்திருக்கிறேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தேதிக்குத் தனி வகை உண்டு, நல்லது. ஆனால் ஊர் தெரிந்த நேரமும் ஊர் தெரியாத நேரமும் ஒரே வகை. இரண்டில் எது முந்தியது என்று ஒப்பிட்டால் நிரல் ஓடும்போதுதான் பிழை வரும். ஒரே ஊரின் இரண்டு நேரங்களைக் கழித்தாலோ பிழைகூட வராது. நியூயார்க்கில் 2024 மார்ச் 9 இரவு பத்து மணிக்கு ஷிப்டுக்கு வந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பைத்தான் எட்டு மணி நேரம் என்று சொல்லும். அன்றிரவு கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அவர் வேலை பார்த்தது ஏழு மணி நேரம். சம்பளக் கணக்கில் இதை யார் கண்டுபிடிப்பது?

சரி, எங்களைக் கவிழ்த்த கதை. கெய்ரோவில் ஒரு கிளினிக். 2023 பிப்ரவரியிலேயே மே மாதத்துக்குப் பதிவுகள் வாங்கிவிட்டார்கள். மே 15 காலை பத்து மணி என்றால் நாங்கள் சேமித்தது 'யூடிசி எட்டு மணி'. எகிப்து அப்போது யூடிசியைவிட இரண்டு மணி நேரம் முன்னால். மார்ச்சில் அந்த அரசு கோடைக்கால நேரத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது, ஏப்ரல் 28-இல் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போனது. எங்கள் திரையில் பத்து மணிப் பதிவுகள் எல்லாம் பதினொன்று ஆயின. நோயாளிகள் பத்து மணிக்கு வந்து நின்றார்கள், டாக்டரின் பட்டியலில் அவர்கள் பெயர் ஒரு மணி நேரம் தள்ளி இருந்தது. தப்பு முழுக்க எங்களுடையது.

'எப்போதும் யூடிசியில் சேமி' என்று எல்லோரும் சொல்வார்கள். நடந்து முடிந்ததற்கு அது சரி. நடக்கப்போவதற்குத் தப்பு. நோயாளியிடம் டாக்டர் சொன்னது ஒரு கணத்தை அல்ல, கெய்ரோ கடிகாரத்தில் பத்து மணி என்பதை.

ஜாவாவில் இந்த வித்தியாசம் வகைகளிலேயே இருக்கிறது. 'இன்ஸ்டன்ட்' என்றால் கணம். 'லோக்கல்டேட்டைம்' என்றால் சுவர்க் கடிகாரம் காட்டுவது, ஊர் இல்லை. 'சோன்டுடேட்டைம்' என்றால் ஊரோடு சேர்ந்தது. கணம் கேட்கும் இடத்தில் சுவர்க் கடிகார நேரத்தைக் கொடுத்தால் கம்பைலர் (நிரலை ஓட்டுவதற்கு முன்பே சரிபார்த்து மொழிபெயர்க்கும் கருவி) விடாது. ஊரைச் சொல்லு என்று நிறுத்தும். அந்த நிறுத்தம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. இப்போது எங்கள் மொழியில் வருங்காலப் பதிவு என்றால் சுவர் நேரமும் ஊர்ப் பெயரும்தான் சேமிப்பு. வரிசைப்படுத்த யூடிசியும் பக்கத்தில் இருக்கும், ஆனால் அது கணக்குப்போட்டு வந்தது. நேர மண்டல அட்டவணை (எந்த ஊர் எப்போது யூடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற பட்டியல்) மாறினால் திரும்பக் கணக்கிட்டுவிடலாம்.

எகிப்தில் எவ்வளவு வாடிக்கையாளர் இருக்கப்போகிறார்கள் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். எகிப்து மட்டும் இல்லை. கொழும்பு 1996-இல் இரண்டு முறையும் 2006-இல் ஒரு முறையும் கடிகாரத்தை மாற்றியிருக்கிறது. சிங்கப்பூர் 1982-இல் அரை மணி நேரம் தள்ளியது. 2023 மார்ச்சில் லெபனான் கோடைக்கால நேரத்தைக் கடைசி நேரத்தில் ஒத்திப்போட்டு, சில நாளில் அந்த முடிவையும் மாற்றிக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் மட்டும் எல்லோரும் பயன்படுத்தும் ஐஏஎன்ஏ நேர மண்டல அட்டவணைக்கு மூன்று பதிப்புகள்.

இங்கேதான் ஜாவா கொஞ்சம் சறுக்குகிறது. அந்த அட்டவணையை அது தன் உள்ளேயே வைத்திருக்கிறது. இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் ஜாவாவுக்குத் தெரியாது, ஜாவாவைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும், இல்லை அதற்கென்று இருக்கும் கருவியை ஓட்ட வேண்டும். பைத்தான் 3.9-இல் வந்த 'சோன்இன்ஃபோ' முதலில் இயங்குதளத்தின் அட்டவணையைப் பார்க்கும், அங்கே இல்லை என்றால் தனியாக நிறுவும் பொதியைப் பார்க்கும். இந்த ஒரு விஷயத்தில் பைத்தானைக் காப்பியடித்தோம். கோலாங்கும் ஏறக்குறைய இப்படித்தான். 1.15-இலிருந்து வேண்டுமானால் அட்டவணையை நிரலுக்குள்ளேயே சேர்க்கலாம், சுமார் 450 கேபி கூடும். சேர்க்காமல் வெறும் கன்டெய்னரில் (நிரலும் அதற்குத் தேவையானதும் மட்டும் இருக்கும் தனிப் பெட்டி) ஓட்டினால் கெய்ரோ எங்கே என்று அதற்குத் தெரியாது.

கடிகாரம் தாண்டிக் குதிக்கும் அந்த இல்லாத ஒரு மணி நேரத்துக்குள் யாராவது பதிவு கேட்டால்? கோலாங் ஏதோ ஒன்றைத் தரும், எது என்று உறுதி சொல்லாது. ஜாவா இடைவெளி அளவுக்கு முன்னால் தள்ளும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் பிழையாகவே காட்டிவிடுகிறோம். இது சரியா என்று எனக்கே இன்னும் சந்தேகம், ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

ஜாவாவின் வகைகள் அதிகம் என்ற புகார் நியாயமானது. அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டோம்: தேதி, சுவர் நேரம், ஊரோடு நேரம், கணம். விதி எழுதும் கிளினிக்காரர்களுக்கு முதல் மூன்றுதான் தெரியும். கணம் உள்ளே இருக்கிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை.