பெங்களூர் அல்சூர் ஃப்ளாட்டுக்கு ராஜபாளையமா, தெருக்குட்டியா?

மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், ஓயாமல் ஆள் ஏறி இறங்கும் லிஃப்ட். ஊரிலிருந்து ராஜபாளையம் நாய்க்குட்டி கொண்டுவருவதா, தெருமுனையில் ஈன்று கிடப்பதில் ஒன்றை எடுப்பதா? எங்கள் கட்சி தெருக்குட்டிதான். தெருநாய் சாது என்பதால் அல்ல.

ராஜபாளையத்தைக் காவலுக்கும் வேட்டைக்குமாகப் பொறுக்கி வளர்த்தார்கள். அந்நியரைச் சந்தேகிப்பது அதன் குறையல்ல, வேலை. தோப்பில் பலமாக இருப்பது, லிஃப்ட் கதவு திறந்ததும் டெலிவரிப் பையன் நிற்கும் இடத்தில் வம்பாகிவிடும். தூய வெள்ளைக் குட்டிகளில் செவிட்டுத்தன்மையும் வரும். குட்டியைத் தனியாக வைத்து, முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கும்பலில் வைத்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் சிக்காது.

வளர்க்கிற விதத்தில் மாற்றிவிடலாமே என்பார்கள். ஓரளவுதான். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் 1959இல் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய வெள்ளிநரிச் சோதனையில், மனிதரிடம் பணிவானவற்றை மட்டுமே இணைசேர்த்தார்கள்; நாலாம் தலைமுறையிலேயே வாலாட்டும் குட்டிகள் வந்தன. மூர்க்கமான வம்சம் ஒன்றையும் தனியே வளர்த்தார்கள். அந்தக் குட்டிகளைச் சாதுவான தாயிடம் விட்டும் சீற்றம் போகவில்லை. ஆகவே, எந்தக் குட்டியானாலும் முதலில் தாயைப் பாருங்கள், அதுவும் குட்டிகளை விட்டு நகர்ந்திருக்கும்போது. குட்டிகளோடு இருக்கையில் எந்தத் தாயும் உறுமலாம்.

தெருக்குட்டியில் காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வயதுக் கணக்குதான். நாலு வாரத்தில் தூக்கினால், உடன்பிறப்புகளோடு கடித்து விளையாடி பல்லை அடக்கப் பழகியிருக்காது. பதினாலு வாரம் தாண்டினால் மனிதரைக் கண்டு ஒதுங்கும். எட்டு வாரம் சரி. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. ஊசிகள் முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டே ஹெல்மெட் போட்டவர், மழைக்கோட்டுக்காரர், ஆட்டோ, லிஃப்ட் எல்லாம் காட்டுங்கள். பயந்தால் இரண்டடி பின்வாங்குங்கள், முகத்தருகே கொண்டுபோய்த் திணிக்காதீர்கள்.

அந்த நரிகளைப்போல் சாதுவானவற்றையே தேர்ந்தெடுத்து வளர்ப்பதால் குறைவது சட்டென்று பாயும் ஆத்திரம் மட்டுமே. மனிதரும் அப்படித்தான் என்பது மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கமின் வாதம்: சிம்பன்சியைவிட நமக்கு முன்கோபம் மிகக் குறைவு, திட்டம் போட்டுக் கொல்வதில் குறைச்சலில்லை. நாயில் துரத்தி வேட்டையாடுவதும் இதேபோல் தனிச் சங்கதி. ஆளைக் கண்டால் வாலாட்டும் குட்டி, மாடிப்படிப் பூனையைத் துரத்தத்தான் செய்யும். கதவைத் திறக்குமுன் கயிறு மாட்டுங்கள்.