வன்னியில் குதிரைச் சவாரிக்குக் காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் குதிரைச் சவாரிக்குக் கூட்டிப்போக யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஏ9 வீதியிலிருந்து உள்ளே, ஒரு குளத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பண்ணை நடக்கிறது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. விளம்பரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மூடுபனி, மலைப் பள்ளத்தாக்கு, தலைக்கவசம் போட்ட பிள்ளைகள் வரிசையாகக் குதிரைகளில். வன்னியில் மலை ஏது என்று கேட்டோம். படம் நுவரெலியாவில் எடுத்தது, இங்கே குளக்கட்டும் காடும்தான், ஆனால் அதே குதிரைகள், அதே வழிகாட்டிகள் என்றார்கள்.

ஆளுக்கு 4,000 ரூபா. ஒன்றரை மணித்தியாலம், பழகின வழிகாட்டி, எல்லாருக்கும் தலைக்கவசம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் தந்தார்கள். முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் போடச் சொன்னார்கள், போட்டோம். கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவின் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை.

போய்ப் பார்த்தால் தலைக்கவசம் ஒன்றுகூட இல்லை. வழிகாட்டி என்று வந்தவன் பதினாறு வயது மதிக்கத்தக்க பொடியன். அவனில் எனக்குக் கோபம் இல்லை, யாரும் அவனுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபமெல்லாம் முதலாளியில்தான். முதலில் கொண்டுவந்த வெள்ளைக் குதிரை காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்துகொண்டே நின்றது. சேணத்துக்குக் கீழே விரித்திருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சீழ் கட்டி, ஈ மொய்த்தது. அதன் மேல்தான் சேணம் ஏற்றிப் பிள்ளைகளை இருத்துகிறார்கள். வயிற்று வார் அறுந்த இடத்தில் நைலோன் கயிற்றால் முடிச்சு. விலா எலும்பை எண்ணலாம். காசைத் திருப்பித் தாருங்கள், போகிறோம் என்றேன். கட்டின காசு திரும்பாது என்று சொல்லி வேறு குதிரைகளை மாற்றித் தந்தார்கள்.

குளக்கட்டு வழியே கொஞ்ச நேரம் நல்லாகத்தான் போனது. அப்புறம் வெயில் என்று சொல்லிப் பொடியன் கட்டால் இறங்கிப் பற்றைக்குள் குறுக்கு வழியில் கொண்டுபோனான். நில்லடா தம்பி, இதுக்குள்ளே யார் போகச் சொன்னது என்று கத்தினேன். மாடு போற பாதைதான் அக்கா என்கிறான். முகமாலையில் இன்னும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிற நாடு இது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மண்டையோட்டுப் பலகை என்றால் என்ன என்று தெரியும், பாதையை விட்டு இறங்க மாட்டார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்? யானை நடமாடுகிற காடும்கூட.

திரும்பி வரும்போது அக்காவின் மகளின் சேணம் அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. வார் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்சத் தூரம் நடந்ததும் வயிறு உள்வாங்கி வார் தளரும். அதனால் ஐந்து பத்து நிமிடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். குதிரை வைத்திருப்பவர்கள் முதலில் பழகுகிற வேலையே இதுதான். இவன் ஒருதரமும் நிறுத்தவில்லை. பிள்ளை விழுந்தாள். செருப்புக் கால், சேணத்தில் தொங்குகிற கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொண்டது, குதிரை மிரண்டு இழுத்தது. செருப்பு வார் அறுந்ததால் கால் கழன்றது, இல்லையென்றால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. குதி வைத்த சப்பாத்து போட வேண்டும் என்று ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போட்டுக்கொண்டே வந்திருப்போம்.

மணிக்கட்டு முறிந்துவிட்டது. பண்ணையில் ஒரு துண்டு பஞ்சுகூட இல்லை. 1990க்கு அடித்து அம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையை வேப்ப மர நிழலில் வைத்திருந்தோம். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "குதிரை என்றால் விழத்தானே செய்யும், அடுத்தமுறை வாங்கோ, சும்மா ஏத்திவிடுறன்" என்றார். பிள்ளையின் கை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காசு கேட்டு எழுதினதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

எங்கே போனாலும் ஏற முன் சாக்கைத் தூக்கி முதுகைப் பாருங்கள். வாரை இழுத்துப் பாருங்கள். சேணமும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அங்கே நிற்கிற சின்னக் குதிரைகளில் பெரிய ஆட்களை இரண்டிரண்டு பேராக ஏற்றுவதையும் கண்டேன். அந்த வாயில்லாச் சீவன்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், விவரம் கேட்க 1977க்கு அடிக்கலாம். அதே இடத்தில் காசு கட்டி ஏமாந்தவர்கள் வங்கிப் பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வெள்ளைக் குதிரை இப்போதும் ஓடுகிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால், மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பேசத் தயாராக இருக்கிறேன்.