கள்ளப்போதனையைப் பகுத்தறியும் வகுப்பு: ஒரு மதிப்பீடு

எங்கள் ஊர்ச் சபை ஒன்று சனிக்கிழமை மாலைகளில் நடத்தும் இந்த வேதபாட வகுப்புக்கு எந்தச் சபையாரும் வரலாம். கட்டணம் இல்லை, கையேட்டின் அச்சுச் செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிக்கப் பழக்குவதுதான் வகுப்பின் பெரும் பலம். புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் நம்மில் பலர் பார்த்திருக்கும், 'உங்கள்மேல் நான் கொண்ட நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே' என்ற பொருளுள்ள எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொண்ட ஆசிரியர், அதற்கு முந்தைய அதிகாரத்திலிருந்தே வாசிக்கவைத்தார். பாபிலோன் ராஜா கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) 2 ஆண்டுகளில் திரும்பி வந்துவிடும் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி கர்த்தரின் பெயரால் ஆலயத்திலேயே அறிவிக்கிறான். எரேமியாவோ முதலில் 'ஆமென்' என்று சொல்லிவிட்டு, சமாதானத்தை முன்னறிவிப்பவனின் வார்த்தை நிறைவேறும்போதே அவன் கர்த்தர் அனுப்பியவன் என்பது விளங்கும் என்கிறார். அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், 70 ஆண்டுகள் ஆகும், உங்கள் நடுவிலுள்ள தீர்க்கதரிசிகளிடம் ஏமாந்துவிடாதீர்கள் என்கிறார். அட்டையில் உள்ள வசனம் அந்தக் கடிதத்தில்தான் வருகிறது. கடிதத்தைப் பெற்ற பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதைக் காண உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள் என்பதை ஆசிரியர் நிதானமாக, அட்டையை வீட்டில் மாட்டியிருப்போரைக் கேலி செய்யாமல் விளக்கினார்.

விசுவாசித்துக் காணிக்கை கொடுத்தால் செல்வமும் சுகமும் நிச்சயம் என்னும் செழிப்பின் உபதேசம் பற்றிய பாடமும் நேர்மையாக இருந்தது. உலகளாவிய சுவிசேஷக் கிறிஸ்தவ அமைப்பான லொசேன் இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியலாளர்கள் 2008-லும் 2009-லும் கானாவின் அக்ரொபொங்கில் கூடி வெளியிட்ட அறிக்கை, தேவன் அற்புதம் செய்வார் என்பதை ஏற்றுக்கொண்டே, அந்த வல்லமையை மனித உத்திகளால் வரவழைக்கலாம் என்பதை மறுக்கிறது. கையேடு அதை நன்றாகச் சுருக்கித் தந்திருக்கிறது.

குறை கடைசிப் பாடத்தில்தான். தவறைக் கண்டபின் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கையேடு வசன எண்களை ஒரே வரியில் அடுக்கிவிட்டு நகர்கிறது. அரைகுறையாக அறிந்திருந்த அப்பொல்லோவை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் தனியே அழைத்துப் போய் விளக்கினார்கள். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். இவ்விரண்டும் ஒன்றல்ல. தன் போதகரே விதைக் காணிக்கையை (பலமடங்கு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி வாங்கும் காணிக்கை) வற்புறுத்துகிறார், என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டபோது, ஜெபியுங்கள் என்பதோடு பதில் முடிந்தது; மூப்பர்மேல் (சபைத் தலைவர்மேல்) வரும் குற்றச்சாட்டுக்கு 2 அல்லது 3 சாட்சிகள் வேண்டும் என்ற 1 தீமோத்தேயு 5:19-ஐயாவது திறந்திருக்கலாம். போதாததற்கு, உதாரணங்கள் எல்லாமே பிற சபைகளைப் பற்றியவை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்காக மல்கியா 3:10-ஐ வகுப்பை நடத்தும் சபையாரும்தான் பிரசங்கிக்கிறார்கள். அதையும் இதே அளவுகோலால் அளந்திருந்தால் வகுப்பின் மதிப்பு கூடியிருக்கும்.

வேதத்தை ஒழுங்காக வாசிக்கப் பழக விரும்பும் வாலிபர்களும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் தயங்காமல் சேரலாம். கைப்பேசிச் செயலியில் கண் தனி வசனத்திலேயே நின்றுவிடுவதால், அச்சிட்ட வேதாகமத்தைக் கொண்டுபோவது நல்லது. தங்கள் சபையில் ஏற்கெனவே சிக்கல் எழுந்து வழி தேடுவோருக்கு, கடைசிப் பாடத்தை விரித்து எழுதும்வரை இவ்வகுப்பு போதாது.